ஆணி அடிக்காத வீடு

குழி வெட்டிய அன்று அந்த வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், கல்லூரிக்கு லீவு போட்ட தங்கை இருந்தாள். வீட்டுக்காரர் இல்லை, காட்பாடியில் மகள் வீட்டில் இருந்தார். நானும் இல்லை, குடோனில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தேன். நான் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று இப்போது சொல்லலாம். சொன்னால் பொய். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவோடு சேர்ந்து மண் அள்ளியிருப்பேன்.

அந்த வீட்டுக்கு எப்படிப் போனோம் என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் குழி விளங்கும்.

ஆரணியில் நான் வேலை பார்த்தது ஒரு மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியின் கிளையில். அந்தக் கிளையை மூடினார்கள். ஆட்களை அனுப்பவில்லை. வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், ஓசூர் என்று நான்கு ஊர்களைச் சொல்லி, எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள் என்றார்கள். எந்த ஊரானாலும் சம்பளம் அதே பதினைந்தாயிரத்து ஐந்நூறு. "சாய்ஸ் உன் கையிலதான்பா" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்ததில்லை. அப்பா பிறந்த தெருவுக்கும் அப்போது நாங்கள் குடியிருந்த தெருவுக்கும் நடுவில் ஒரு மாரியம்மன் கோயிலும் இரண்டு டீக்கடையும்தான். பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. "படிச்சவன் நீ பாரு, எந்த ஊரு நமக்குக் கட்டுபடி ஆவும்னு" என்றார் அப்பா. கணக்குப் பாடத்தில் ஒரு கணக்கு கொடுத்ததுபோலத்தான் இருந்தது.

போனில் தேடினேன். குறைந்த சம்பளக்காரர்கள் வாடகைக்கு வாழ ஏற்ற நகரங்கள் என்று வரிசையாக வந்தது. வீடியோக்களில் ஆட்கள் பால்கனியில் நின்றுகொண்டு, 'இங்கே வாடகை வெறும் பதினெட்டாயிரம்தான்' என்று கைகளை விரித்தார்கள். தங்கை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ண்ணா, இவங்க சொல்ற கம்மி சம்பளத்துல நம்ம தெருவுக்கே வாடகை கட்டலாம்" என்றாள். அதன்பிறகு போனை மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினேன்.

தினமும் போய்வந்தால் மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும் என்று அப்போது நினைத்தேன். நான் மட்டும் போய் ஒரு ரூமில் தங்கினால் என்ன என்று கேட்கலாம். தங்கினால் இரண்டு வாடகை. ஆரணி வீட்டுக்கு மூவாயிரம், ரூமுக்கு ஒரு மூவாயிரம், ஓட்டல் சாப்பாடு, தங்கையின் ஃபீஸ். எப்படிப் புரட்டினாலும் மாதம் இருபதாம் தேதிக்குமேல் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு வாடகைதான் தாங்கும். ஒரு வாடகை என்றால் எல்லோரும் ஒரே வீடு. எல்லோரும் என்றால் தறியும் சேர்ந்துதான். அப்பாவின் நெசவுக் கூலி இல்லாமல் என் சம்பளம் நிற்காது.

அப்பாவுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்ளும் முதலாளியிடம் போய்க் கேட்டோம். அவர் யோசித்துவிட்டு, "காலைல பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ள சேலையைக் குடுத்துட்டு, பாவு நூல வாங்கிகினு திரும்பற தூரமா இருந்தா போ. அதுக்கு மேலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அதோடு ஓசூர் போய்விட்டது. காஞ்சிபுரம் என்று நான் வாயெடுத்ததும் அப்பாவே தடுத்தார்: "காஞ்சிபுரத்துல உக்காந்துகினு ஆரணிச் சேலை நெய்யறதா? மொதலாளி காதுல விழுந்தா டிசைன விக்கப் போறேன்னு நினைப்பாருடா."

திருவண்ணாமலையில் இரண்டு ஞாயிறு அலைந்தேன். பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டாலே மாத வாடகை வந்துவிடுகிறதாம். ஒரு வீட்டுக்காரம்மா கதவை முழுசாகத் திறக்காமலே சொன்னார்: "குடும்பம்லாம் வேணாங்க. குடும்பம் வந்தா மாசம் முப்பது நாளும் இருக்கும்." பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன்.

மிஞ்சியது வேலூர். அங்கே ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே முடியாது. எங்கெங்கிருந்தோ நோயாளிகளோடு வந்து தங்குகிறவர்களால் ஒரு சின்ன அறைகூட நாள் கணக்கில்தான் போகிறது. புரோக்கர் என் பட்ஜெட்டைக் கேட்டதும் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அஞ்சாயிரத்துக்கு வீடு கிடைக்காது தம்பி. வாசப்படி கிடைக்கும். உக்காந்துக்கறியா?"

"ஊருக்கு வெளிய இருந்தாலும் சரிங்க. ஆனா தரைதளம் வேணும்."

"துட்டும் இல்ல, கண்டிஷன் வேற. மாடில ரெண்டு வீடு கீது, காத்து பிச்சிகினு போவும். அதுக்கு இன்னா கேடு?"

"தறி போடணுங்க."

"போடேன். மாடில போட்டா மாட்டேன்னா சொல்லுது?"

மாடி வேண்டாம் என்று நான் நிற்க, என்னை ஒரு பிடிவாதக்காரன் என்று முடிவு செய்துகொண்டு, அரியூர் தாண்டி ஒரு தெருவுக்கு அழைத்துப் போனார். அந்த வீடு பிடித்துப்போனது. தனி வீடு. முன்னால் ஒரு ஹால், பின்னால் ஓர் அறை, சமையலறை. வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் முப்பதாயிரம். குடோனுக்கு டவுன் பஸ் இருக்கிறது. ஆரணி பஸ் பிடிக்கவும் தூரமில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மரியாதையான மனிதர். வந்த பணத்தைப் போட்டுக் கட்டிய வீடு. மகள் காட்பாடிக்குக் கூட்டிக்கொண்டதால் வாடகைக்கு விடுகிறார். அம்மா சமையலறையைப் பார்க்கப் போனார். அப்பா ஹாலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து நீளம் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் எதுவரை விழுகிறது என்று பார்த்தார். பிறகு குதிகாலால் தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார்.

"நல்ல டைல்ஸ்ங்க" என்றார் வீட்டுக்காரர். "நானே கடைகடையா ஏறி எறங்கிப் பொறுக்கினது."

"கீழ மண்ணு எப்படிங்க சார்?"

"மண்ணுக்கு இன்னா கொறச்சல்? கெட்டி மண்ணு. ஆறடி அஸ்திவாரம்."

"பாறை கீறை?"

"ஒண்ணும் கெடையாது. தைரியமா இருக்கலாம்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று, "சார், எங்கப்பா வீட்லயே பட்டுத்தறி நெய்வாரு. அதுக்கு உங்களுக்கு அப்ஜெக்சன் இல்லையே?" என்று கேட்டேன்.

"உழைச்சிச் சாப்பிடறதுக்கு இன்னா தம்பி அப்ஜெக்சன்? சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேக்காம பாத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு." அவர் சுவரைத் தடவிக் காட்டினார். "பெயின்ட் அடிச்சி ஆறு மாசந்தான் ஆவுது. செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. ஒரு ஆணிகூட."

"ஒண்ணுகூட அடிக்க மாட்டோம் சார்" என்றார் அப்பா. சத்தியம் செய்வதுபோல நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

குழியைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. எங்களுக்குப் பேசத் தோன்றவில்லை. பட்டுத்தறி என்றால் தரையில் இடுப்பளவு ஒரு குழி. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். எங்கள் தெருவில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் கேட்பதே, "குழி கீதா, வெட்டிக்கணுமா?" என்றுதான். குழி இருக்கிற வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதல். குடியிருந்தவர் தானே வெட்டிய குழியாக இருந்தால், அடுத்து வருகிறவர் அவர் கையில் குழிக்காசு என்று ஏதாவது கொடுப்பார். ஆரணி வீட்டை நாங்கள் காலி செய்தபோதும் அப்படித்தான் நடந்தது. புதிதாக வந்த நெசவுக் குடும்பம் அப்பாவின் கையில் ஆயிரத்து ஐந்நூறு வைத்தது. அப்பா அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்தார். "வேன் வாடகைல பாதி இங்கயே வந்துட்ச்சி" என்றார் அம்மா. வேனுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. அட்வான்ஸ் முப்பதாயிரம் அம்மா சீட்டு எடுத்த பணம். புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

நல்ல நாள் பார்த்து, குடிபோன மூன்றாம் நாள் அப்பா கடப்பாரையை எடுத்தார். டைல்ஸ் அவருக்குப் புதிது. எங்கள் ஊர் வீடுகளில் சிமென்ட் தரைதான். உளி வைத்து மெதுவாகப் பெயர்த்து, அப்படியே முழுசாக எடுத்து வீட்டுக்காரருக்குப் பத்திரப்படுத்தி வைக்கலாம் என்பது அவர் திட்டம். ஒன்றுகூட முழுசாக வரவில்லை. வந்த துண்டுகளைக் கழுவி, ஈரம் துடைத்து, மூலையில் அடுக்கி வைத்தார் அம்மா. குழி ஆனதும் நான்கு மூலைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துப் பிழிந்து, தேங்காய் உடைத்தார்கள். தறி இறக்குமுன் எல்லோரும் செய்வதுதான்.

மதியம் தங்கை போன் செய்தாள். "ண்ணா, ஜல்தி வா. வீட்டுக்காரரு வந்துகீறாரு. தெருவே வாசல்ல நிக்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது, ஹால் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். குழி அவர் கால்மாட்டில் இருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வாசலில் ஏழெட்டுப் பேர். அம்மா சமையலறை நிலையில் நின்றிருந்தார். அப்பா குழிக்குள்ளேயே நின்றிருந்தார், இடுப்பு வரை.

"வாங்க தம்பி" என்றார் வீட்டுக்காரர். "இது இன்னா?"

"தறிக்குழி சார்."

"தறின்னுதானே சொன்னீங்க. குழின்னு சொல்லலையே."

"தறின்னா குழி இருக்கும்ல சார்?" என்றார் அப்பா. "இல்லன்னா காலை எங்க வைக்கறது?"

"நான் தையல் மிஷின் மாதிரின்னு நினைச்சேன்யா! ஒரு மூலைல வச்சி மிதிச்சிகினு இருப்பீங்கன்னு. அவ்ளோ தூரம் சொன்னேனே, செவுத்துல ஒரு ஆணி அடிக்காதீங்கன்னு!"

"அடிக்கலையே சார். பாருங்களேன்." அப்பா குழிக்குள் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினார்.

உண்மைதான். சுவர்கள் நான்கும் சுத்தமாக இருந்தன. சாமி படங்களை ஜன்னல் கம்பியில் நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். காலண்டர் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தது பக்கத்து வீட்டு அம்மா. அவர் எங்களிடம் மறைக்கவுமில்லை. "நான் இன்னா பண்றது சொல்லு? கோணி கோணியா மண்ணு வெளிய போவுது. எட்டிப் பாத்தா எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம். எனக்குக் கையும் காலும் ஆடிப்போச்சி. வயசுப் பொண்ண வேற லீவு போட்டு உக்கார வச்சிகீறீங்க. நரபலி கிரபலின்னு பயந்துட்டேன்."

"நானா ஆன்ட்டி?" என்றாள் தங்கை. "என்ன பலி குடுத்தா எங்கண்ணனுக்கு டீ யாரு போடறது?"

"புதையல் எதுனா கிடைச்சிதா பெரியவரே?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

"கிடைச்சா நான் இன்னாத்துக்கு வாடகை வீட்டுக்கு வரேன்?" என்றார் அப்பா. இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரருக்குக்கூட உதடு அசைந்தது. அந்த ஒரு நிமிடம், ஆகிவிடும் என்று நான் நினைத்தேன்.

அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். "சார், எங்க ஊர்ல குழி கீற வீட்டுக்கு வாடகை ஐநூறு சேத்தி. நீங்களும் சேத்து வாங்கிக்கோங்க. ஞாயம்தானே?"

"அப்பறம் நீங்க போனப்பறம்? இந்தக் குழிய வச்சிகினு நான் இன்னா பண்றது?"

"அடுத்து வர்றவங்களுக்கு ஆவும் சார்."

"அடுத்து வர்றவன் இன்னாத்துக்கு? விழறதுக்கா?"

"தறி போடுவாங்கல்ல."

"வேலூர்ல எவன்யா தறி போடறான்?"

அப்பா வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். குடிவந்து மூன்று நாளாகியும், அந்தத் தெருவில் வேறு தறி இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டது என்று நினைக்கிறேன்.

நான் கெஞ்சினேன். கெஞ்சுவதற்கும் நான்தான் படித்தவன். "சார், ஒரு வருஷம் இருக்க விடுங்க. போறப்ப மண்ணு போட்டு இறுக்கி, புது டைல்ஸ் போட்டுக் குடுத்துட்டுப் போறோம். எழுதியே தரேன்." குழியை மூடினால் தறி இல்லை. தறி இல்லாவிட்டால் இந்த வாடகை இல்லை. அப்பாவும் அம்மாவும் ஆரணிக்குத் திரும்ப வேண்டும், நான் இங்கே ரூம் எடுக்க வேண்டும், எந்த இரண்டு வாடகைக்குப் பயந்து இத்தனை ஞாயிறு அலைந்தேனோ அதுவே வந்து நிற்கும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா, மனதுக்குள் சொல்லிக்கொண்டேனா என்று இப்போது நினைவில்லை.

அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்காரர் வாங்கிக் குடித்தார். "ஒரு வருஷமா" என்று இழுத்தார். அப்புறம் போனை எடுத்து மகளிடம் விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஹால் நடுவுலயா?" என்றது மகளின் குரல். "அப்பா, வெளையாடறீங்களா? வீட்டுக்கு நடுவுல பள்ளம் ஆவாதுப்பா. மொதல்ல மூடச் சொல்லுங்க. அந்தத் தரை நீங்க எனக்காகப் போட்டது."

அவர் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூடறதுக்கும் வேற வீடு பாக்கறதுக்கும் பத்து நாள் டைம் எடுத்துக்கோங்க. பொண்ணு சொன்னா அவ்ளோதான். எனக்கும் வேற யாரு கீறாங்க?"

"விடுங்க, மூடிடலாம்" என்றார் அம்மா. அப்பா கைகளை ஊன்றி மேலே ஏறினார். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமல், தரை அழுக்காகும் என்று அப்படியே வெளியே போய்த் தட்டிக்கொண்டார்.

மறுநாள் கொத்தனார் வந்து பார்த்தார். அந்த டிசைன் டைல்ஸ் இப்போது வருவதில்லை. குழி இருந்த இடத்துக்கு மட்டும் வேறு போட்டால் ஒட்டுப் போட்டதுபோல இருக்கும், ஹால் முழுக்கப் பெயர்த்துத்தான் போட வேண்டும் என்றார். கூலியும் சேர்த்து இருபத்தோராயிரத்து எண்ணூறு. வீட்டுக்காரர் அதை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொண்டார். பத்து நாள் வாடகைக்கு ஆயிரத்து எண்ணூறு பிடித்தார். மீதி ஆறாயிரத்து நானூறைக் கையில் கொடுக்கும்போது, "தப்பா நினைக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க எங்களிடமும் தெம்பு இல்லை.

குழியை அப்பாவேதான் மூடினார். பின்பக்கக் காலிமனையில் கொட்டியிருந்த மண்ணைத் திரும்ப அள்ளி வந்து போட்டோம். கொஞ்சம் பத்தவில்லை. பக்கத்து வீட்டு அம்மா கறிவேப்பிலைச் செடிக்கென்று முதல் நாளே இரண்டு கோணி எடுத்துப் போயிருந்தார். கேட்டதற்கு, "செடி வச்சிட்டேனேப்பா" என்றார்.

ஆரணியில் பழைய வீட்டில் வேறொரு தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கால் வைத்துத் தேய்த்த குழியில் வேறொருவர் கால். ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் ஒரு வீடு கிடைத்தது. ஓடு போட்ட வீடு, வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு, குழியோடு. முன்பு குடியிருந்தவர் குழிக்காசு கேட்டார். அப்பா பேரம் பேசாமல் இரண்டாயிரம் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது வேன் டிரைவர் அதே ஆள்தான். கதையைக் கேட்டுவிட்டு முந்நூறு குறைத்துக்கொண்டார்.

ரூம் எடுக்கவில்லை. சேவூரிலிருந்து தினமும் வேலூருக்குப் பஸ்ஸில் போகிறேன். காலையில் கண்ணமங்கலம் வரை நின்றுகொண்டு, அதன்பிறகு இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குகிறேன். சாயங்காலம் அதே தூக்கம் எதிர்ப்பக்கமாக. பஸ் காசு ஒரு சின்ன வாடகைதான், ஆனால் தினம் தினம் சில்லறையாகப் போவதால் உறைப்பதில்லை. பக்கத்தில் உட்காருகிற பையன்கள் சிலர் போனில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அப்பா வேலூரைப் பற்றி ஒரே ஒருமுறைதான் கேட்டார். சேவூர் வீட்டில் தறி இறக்கி, முதல் சேலை பாதி வந்திருந்த சமயம். நான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் குழிக்குள் கால்களை விட்டபடி, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"போயிட்டு வந்ததுல மொத்தம் எவ்ளோடா ஆச்சி?"

"நமக்கு வந்த குழிக்காசக் கழிச்சா?"

"கழிச்சிதான் சொல்லு."

"முப்பத்தாறாயிரத்து முந்நூறுப்பா."